எவரெஸ்ட் பேஸ் கேம்ப் முதல் தடவை போறீங்களா? லுக்லால இருந்து காலா பத்தர் வரைக்கும் படிப்படியா

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகணும்னு ஆசைப்படுற நம்ம ஊர்க்காரங்க முதல்ல ஒரு கணக்கை மனசுல வாங்கிக்கணும். தமிழ்நாட்டுலயே உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். கேரளாப் பக்கம் இருக்கற ஆனைமுடி 2,695, தென்னிந்தியாவுல அதுக்கு மேல உயரம் எதுவும் கிடையாது. இந்த ட்ரெக் ஆரம்பிக்கிற லுக்லாவே 2,860 மீட்டர். அதாவது விமானத்துல இருந்து இறங்கிக் காலைக் கீழ வைக்கிற நிமிஷமே நாம பொறந்து வளர்ந்த பக்கத்துல எங்கயும் ஏறாத உயரத்துல நிக்கிறோம், அங்க இருந்து இன்னும் ரெண்டரை கிலோமீட்டருக்கு மேல உயரம் ஏறணும்.

நான் ரெண்டு தடவை போனேன். முதல் தடவை பேஸ் கேம்ப்புக்கு ஒரு நாள் முன்னாடி வர்ற லொபுச்சேல இருந்து திரும்பிட்டேன், ரெண்டாவது தடவைதான் எவரெஸ்டைப் பார்க்க எல்லாரும் ஏறுற காலா பத்தர் மலை உச்சி வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். ரெண்டுக்கும் நடுவுல என் உடம்பு பெருசா மாறல, மாறினது நாள் கணக்குதான். முதல் தடவை ஒரு ட்ராவல்ஸ்ல குறைஞ்ச நாள் பேக்கேஜ்னு ஒண்ணு வாங்கினேன், அதுல லொபுச்சேக்கு முந்தின ஊரான டிங்போச்சேல ரெஸ்ட் நாளே கிடையாது, காசும் லீவும் மிச்சமாகுதேன்னு நானும் சரின்னுட்டேன். லொபுச்சேல ராத்திரி 11 மணிக்கு மண்டைக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி வலி, குடிச்ச தண்ணி கூட வயித்துல நிக்கல. கைட் அண்ணன் விடியறதுக்குக் காத்திருக்கல, ஹெட்லைட் மாட்டிக் கைத்தாங்கலா கீழ இருக்கற பெரிச்சே ஊருக்கு இறக்கிட்டார். கிட்டத்தட்ட 570 மீட்டர் உயரம் இறங்கினதுமே வலி விட்டுடுச்சு, மதியம் உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். அவர் மட்டும் காலைல பார்த்துக்கலாம்னு படுத்திருந்தா என்ன ஆகியிருக்குமோ, இன்னமும் நினைச்சா திக்குனு இருக்கும். அதனால நான் கீழ திரும்பத் திரும்ப நாள், உயரம், தூக்கம்னே சொல்லிட்டு இருப்பேன், பொறுத்துக்கோங்க.

லீவு எத்தனை நாள் கேக்கணும்

நடை மட்டும் 11 இல்ல 12 நாள், அதுல ரெண்டு நாள் ரெஸ்ட். அதுக்கு மேல காத்மாண்டுல முன்னாடி ஒரு நாள், லுக்லா ஃப்ளைட் கேன்சல் ஆனா தாங்கறதுக்குக் கடைசில ரெண்டு நாள். ஆக மொத்தம் 15 நாள் கையில இல்லன்னா டிக்கெட் போடாதீங்க, அடுத்த வருஷம் போகலாம், மலை அங்கயேதான் இருக்கும்.

இந்தக் கணக்கு ஏன்னா, மலை ஏறுறவங்களுக்கு டாக்டருங்க சொல்ற விதி ஒண்ணு இருக்கு. 3,000 மீட்டருக்கு மேல போனப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் தூங்குற உயரம் முந்தின நாளை விட 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது, 3 அல்லது 4 நாளைக்கு ஒருக்கா அதே ஊர்ல இன்னொரு ராத்திரி தங்கணும். பகல்ல எவ்வளவு மேல ஏறிப் பார்த்துட்டு வந்தாலும் சரி, தூங்குற இடம்தான் கணக்கு. யாராவது பேக்கேஜ் காட்டினா விலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நாளும் எங்க தூங்குறோம்னு எழுதி, பக்கத்துல உயரத்தைப் போட்டுப் பாருங்க. நம்சேல ஒரு ரெஸ்ட், டிங்போச்சே இல்ல பெரிச்சேல ஒரு ரெஸ்ட், இந்த ரெண்டும் இல்லாத பேக்கேஜ் எவ்வளவு சல்லிசா இருந்தாலும் வேண்டாம்.

மாசம்னு பார்த்தா மார்ச் கடைசில இருந்து மே வரைக்கும், இல்லன்னா அக்டோபர் நவம்பர். அக்டோபர்ல வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், கூட்டமும் அதுக்கேத்த மாதிரி இருக்கும். ஏப்ரல்ல போனா வழியெல்லாம் லாலிகுராஸ் பூத்திருக்கும், சிவப்பும் ரோஸுமா, அதோட பேஸ் கேம்ப்ல நிஜமாவே உச்சிக்கு ஏறப் போறவங்களோட கூடாரம் எல்லாம் இருக்கும், அக்டோபர்ல போனா அங்க வெறும் கல்லும் ஐஸும்தான். எனக்கு ஏப்ரல்தான் பிடிக்கும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழைக்காலம், கீழ அட்டை, மேல மேகம், ஃப்ளைட்டும் நம்ப முடியாது. டிசம்பருக்கு அப்புறம் குளிர் கடுமை, மேல இருக்கற லாட்ஜ்ல பல மூடியிருப்பாங்க, முதல் தடவை போறவங்களுக்கு அது சரிப்படாது.

உடம்பைத் தயார் பண்றது

குறைஞ்சது 3 மாசம் முன்னாடி ஆரம்பிங்க. ஜிம் கட்டாயம் கிடையாது, படி போதும். 7 கிலோ வெயிட் போட்ட பையை மாட்டிக்கிட்டு ஆபீஸ் படியோ அப்பார்ட்மெண்ட் படியோ ஏறி இறங்குங்க, வாரத்துக்கு 4 நாள், ஒரு மணி நேரம். இறங்குறதையும் சேர்த்துப் பழகணும், ஏன்னா திரும்பி வரும்போது ரெண்டரை நாள்ல அத்தனை உயரமும் இறங்கணும், முட்டி அங்கதான் போகும். சீசன் டைம்ல வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறிட்டு வாங்க, கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு இருக்கற ஆயிரத்துக்கு மேல படி நல்ல சோதனை, பர்வதமலையும் அப்படித்தான். ஒரே நாள் ஏறிட்டு மறுநாள் படுத்துத் தூங்கினா அது பயிற்சி ஆகாது, சனிக்கிழமை 6 மணி நேரம் நடந்துட்டு ஞாயித்துக்கிழமை காலு வலியோட மறுபடியும் 5 மணி நேரம் நடந்து பாருங்க. அங்க தினமும் அதான்.

இங்க ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். உடம்பு ஃபிட்டா இருந்தா, எனக்கு லொபுச்சேல வந்த மாதிரி உயர நோய் வராதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. மாரத்தான் ஓடுறவங்களுக்கும் வரும், 60 வயசு அம்மா மெதுவா நடந்து போய் ஒண்ணும் ஆகாம திரும்புவாங்க. சொல்லப்போனா கால்ல வலு இருக்கற பசங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி, வேகமா ஏற முடியுதேன்னு ஏறிடுவாங்க. சுகர், பிரஷர், ஹார்ட், ஆஸ்துமான்னு எது இருந்தாலும் கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட உயரத்தைச் சொல்லிக் கேட்டுட்டுப் போங்க.

பேப்பர், பணம்

இந்தியாக்காரங்களுக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். ஆனா விமானத்துல போறதா இருந்தா பாஸ்போர்ட் இல்ல வோட்டர் ஐடி ஒரிஜினல் வேணும், 15 வயசுல இருந்து 65 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு ஆதார் அட்டை செல்லாது, இது தெரியாம ஏர்போர்ட் வரைக்கும் போய்த் திரும்பினவங்க இருக்காங்க. இலங்கைத் தமிழர்கள் சார்க் நாட்டுக்காரங்கங்கறதால வருஷத்துல முதல் தடவை 30 நாள் விசா காசில்லாம காத்மாண்டு ஏர்போர்ட்லயே போட்டுக் குடுப்பாங்க. சகர்மாதா நேஷனல் பார்க் பர்மிட்டும் சார்க் காரங்களுக்கு மத்த வெளிநாட்டுக்காரங்களை விடக் குறைவு, அதனால ஐடியைக் கையிலயே வெச்சிருங்க. இன்னொரு பர்மிட் அந்தப் பகுதி ஊராட்சியோடது, லுக்லாலயே வாங்கிக்கலாம்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஒரு வரியை மட்டும் தேடிப் படிங்க: 6,000 மீட்டர் வரைக்கும் ட்ரெக்கிங்கும் ஹெலிகாப்டர்ல இறக்கறதும் அடங்குமான்னு. சாதாரண டூர் பாலிசில பெரும்பாலும் இருக்காது.

ஒரு இந்திய ரூபா 1.60 நேபாள ரூபா, அது மாறாத கணக்கு. காத்மாண்டுலயே நேபாள ரூபாவா மாத்திக்கோங்க. நம்சேல ஏடிஎம் உண்டு, அதுக்கு மேல கிடையாது, அந்த நம்சே ஏடிஎம்மையும் முழுசா நம்பி இருக்காதீங்க. மேல போகப் போக எல்லாமே விலை ஏறும், ஏன்னா ஒவ்வொரு அரிசி மூட்டையும் யாரோ ஒருத்தர் முதுகுலயோ யாக் முதுகுலயோதான் வருது. போன் சார்ஜ், சுடுதண்ணி, குளியல், வைஃபை எல்லாத்துக்கும் தனிக் காசு. அதை நினைச்சுப் பேரம் பேசறதுக்கு மனசு வரக்கூடாது.

கைட் வேணுமான்னு கேப்பாங்க. முதல் தடவைன்னா கண்டிப்பா வேணும். வழி கண்டுபிடிக்க ஆள் வேணும்னு சொல்லல, வழி ஒண்ணுதான், தப்பறது கஷ்டம். உங்களுக்கு மூளை மந்தமாகும்போது உங்களுக்காக யோசிக்க ஒரு ஆள் வேணும். போர்ட்டர் வெச்சா ரெண்டு பேருக்கு ஒருத்தர்னு பேசிக்கலாம், ஆனா அவர் தூக்குற மொத்த வெயிட் 20, 25 கிலோவைத் தாண்டாம பார்த்துக்கறது உங்க பொறுப்பு. அவருக்கு நல்ல ஷூ இருக்கா, குளிர் ஜாக்கெட் இருக்கா, இன்ஷூரன்ஸ் இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

பையில என்ன

லுக்லா ஃப்ளைட்ல ஒருத்தருக்கு மொத்தமே 15 கிலோதான், கைப்பையும் சேர்த்து. அதனால முதல்ல விடவேண்டியது ஜீன்ஸும் காட்டன் டீஷர்ட்டும். காட்டன் வேர்வையைக் குடிச்சுட்டு ஈரமாவே இருக்கும், மேல அந்த ஈரம் எலும்பு வரைக்கும் குளிரும். உடம்போட ஒட்டுற மாதிரி தெர்மல் ரெண்டு செட், அதுக்கு மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்தும் மழையும் தாங்குற ஜாக்கெட், ராத்திரிக்கும் விடியக்காலைக்கும் இறகு அடைச்ச நல்ல டவுன் ஜாக்கெட். டவுன் ஜாக்கெட்டும் மைனஸ் 15 தாங்குற ஸ்லீப்பிங் பேகும் காத்மாண்டு தமேல்ல வாடகைக்குக் கிடைக்கும், ஒரு ட்ரெக்குக்காக வாங்க வேண்டியதில்ல. ஷூ மட்டும் வாடகைக்கு எடுக்காதீங்க, புதுசாவும் போட்டுட்டுப் போகாதீங்க, ஊர்லயே ரெண்டு மாசம் போட்டு நடந்து காலுக்குப் பழக்கினதா இருக்கணும், கணுக்கால் மூடினதா இருக்கணும், உள்ள தடி சாக்ஸ் போட்டும் விரல் முன்னாடி இடிக்காத அளவுக்கு ஒரு சைஸ் கூட இருக்கட்டும்.

வாக்கிங் போல் ரெண்டு, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்க்ரீன், லிப் பாம், ஹெட்லைட், குளோரின் மாத்திரை. மூக்கையும் வாயையும் மூடுற பஃப் துணி ஒண்ணு ரொம்ப முக்கியம். அங்க காத்து அவ்வளவு வறட்சி, அவ்வளவு குளிர், தூசி வேற, வாயால இழுத்து இழுத்து மூச்சு விட்டா 5 நாள்ல நெஞ்சு வலிக்கிற வரட்டு இருமல் வந்து உக்காந்துக்கும், கும்பு இருமல்னே அதுக்குப் பேரு, கும்புங்கறது இந்த எவரெஸ்ட் பகுதியோட பேரு. துணி வழியா மூச்சு விட்டா ஈரம் உள்ளயே சுத்தும். போன், பவர் பேங்க், கேமரா பேட்டரி எல்லாம் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குள்ள வெச்சுத் தூங்குங்க, வெளிய வெச்சா குளிர்ல சார்ஜ் இறங்கிடும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. உயரத்துல மாதவிடாய் தேதி முன்ன பின்ன ஆகலாம், தேதி இல்லன்னாலும் பேட் எடுத்துட்டுப் போங்க, நம்சேக்கு மேல கிடைக்கும்னு நம்ப முடியாது. போட்டதைத் தனிக் கவர்ல கட்டிக் கீழ கொண்டு வந்துடுங்க, மேல குப்பை அள்ளுற வண்டி எதுவும் கிடையாது.

உயரம் உடம்பை என்ன பண்ணும்

காத்துல ஆக்சிஜன் பங்கு சென்னைலயும் 21%, பேஸ் கேம்ப்லயும் 21%தான். குறையறது காத்தோட அழுத்தம். பேஸ் கேம்ப்ல அழுத்தம் கடற்கரைல இருக்கறதுல ஏறக்குறைய பாதி, அதனால ஒவ்வொரு மூச்சுலயும் பாதி ஆக்சிஜன்தான் உள்ள போகுது. உடம்பு இதைச் சமாளிக்க வேகமா மூச்சு விடும், நெஞ்சு வேகமா அடிக்கும், சிறுநீரகம் ரத்தத்துல இருக்கற காரத்தை வெளிய தள்ளும், அதனாலதான் ராத்திரி நாலு தடவை எழுந்து போக வேண்டி வரும். இந்த வேலையெல்லாம் முடிய நாள் ஆகும், காசு குடுத்தோ மன உறுதியாலயோ அதை அவசரப்படுத்த முடியாது. தூக்கத்துல மூச்சு கொஞ்ச நேரம் நின்னு திடுக்குனு இழுத்துக்கிட்டு முழிப்பு வரும், முதல் தடவை ரொம்ப பயமா இருக்கும், ஆனா அந்த உயரத்துல அது நிறைய பேருக்கு வர்றதுதான்.

லேசான தலைவலி, பசியின்மை, அசதி, வாந்தி வர்ற மாதிரி இருக்கறது, தூக்கம் வராதது: தலைவலியோட இதுல ஒண்ணு சேர்ந்தாலும் அது உயர நோயோட ஆரம்பம்னு எடுத்துக்கோங்க. வெயில்ல நடந்ததால, ராத்திரி தூங்காததால, கேஸ் ட்ரபிளாலன்னு காரணம் தேடாதீங்க. அந்த ஊர்லயே இன்னொரு ராத்திரி தங்குங்க, மேல ஒரு அடி வேண்டாம். தங்கியும் கூடுச்சுன்னா கீழ இறங்குங்க.

உயிருக்கு ஆபத்தானது ரெண்டு. ஒண்ணு நுரையீரல்ல நீர் கோத்துக்கறது: சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், படுத்தா இன்னும் கூடும், உதடு நீலமாகும், சளில ரோஸ் நிற நுரை வரும். இன்னொண்ணு மூளை வீங்கறது: பேச்சு குழறும், சம்பந்தமில்லாம பேசுவாங்க, கோபப்படுவாங்க, நேரா நடக்க வராது. ஒரு காலோட குதிகாலை இன்னொரு காலோட விரல்ல ஒட்டி ஒட்டி பத்து அடி நேர்கோட்டுல நடக்கச் சொல்லுங்க, தள்ளாடினா அப்பவே இறக்கணும், நடுராத்திரியா இருந்தாலும் சரி. அவங்க எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவாங்க, அதைக் கேக்காதீங்க. தனியா அனுப்பவும் கூடாது.

உயர நோய் வராம இருக்கப் போடற டயமாக்ஸ் மாத்திரை பத்தி எல்லாரும் கேப்பாங்க. வழக்கமா சொல்றது 125 மில்லிகிராம், காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, உயரம் ஏற ஆரம்பிக்கிற முந்தின நாள்ல இருந்து. விரல் நுனி கூசும், அடிக்கடி ஒண்ணுக்குப் போகும், ரெண்டும் அதோட குணம். சல்ஃபா மருந்து அலர்ஜி இருக்கறவங்க டாக்டர் சொல்லாம தொடவே கூடாது, மத்தவங்களும் கேட்டுட்டே போடுங்க, ஊர்லயே ரெண்டு நாள் போட்டுப் பார்த்துட்டுப் போறது நல்லது. இது உடம்பு பழகறதுக்கு உதவி பண்ணும், அவ்வளவுதான். தலைவலி வந்தப்புறம் ஒண்ணு போட்டுக்கிட்டு மேல ஏறலாம்னு நினைக்கிறதுதான் உயிரை எடுக்கும். தூக்க மாத்திரை, சாராயம், சிகரெட் மூணும் இறங்கி வர்ற வரைக்கும் வேண்டாம்.

வழி, ஒவ்வொரு நாளா

முதல் நாள். சீசன்ல லுக்லா ஃப்ளைட் பெரும்பாலும் காத்மாண்டுல இருந்து இல்லாம ராமேசாப் மந்தலில இருந்துதான் கிளம்பும், அதுக்கு நடுராத்திரி 1, 2 மணிக்கு வண்டி ஏறி 4, 5 மணி நேரம் மலை ரோட்டுல போகணும். வாந்தி வர்றவங்க மாத்திரை போட்டுக்கோங்க. லுக்லா ரன்வே 527 மீட்டர்தான், மேல் பக்கம் மலைச்சுவர், கீழ் பக்கம் பள்ளம், சாய்வாவே இருக்கும். இறங்கினதும் ஊர் முடியற இடத்துல ஒரு நுழைவாயில் இருக்கும், அது பசாங் லாமு ஷெர்பா நினைவா வெச்சது. 1993ல எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் நேபாளப் பெண், இறங்கும்போது இறந்துட்டாங்க. அங்க ஒரு நிமிஷம் நின்னு கும்பிட்டுட்டு நடங்க. அன்னிக்கு 3 மணி நேர நடை, பக்டிங், 2,610. லுக்லாவை விடக் கீழ. பக்கத்துலயே தூத் கோசி, பேருக்கேத்த மாதிரி பால் நிறத்துல ஓடும்.

வழில மந்திரம் செதுக்கின மணிக் கல்லு வரும், கோயில் பிரகாரம் சுத்துற மாதிரியே அது நமக்கு வலது கைப் பக்கம் இருக்கணும், நாம இடது பக்கமா போகணும். யாக், கோவேறு கழுதை வந்தா உடனே மலைப் பக்கம் ஒதுங்கி நில்லுங்க. பள்ளத்துப் பக்கம் நின்னா அது முதுகுல இருக்கற சுமை இடிச்சுத் தள்ளிடும். தொங்கு பாலத்துல எதிர்ல மாடு வருதுன்னா அது தாண்டி முடியற வரைக்கும் பாலத்துல கால் வைக்காதீங்க.

ரெண்டாவது நாள் நம்சே பஜார், 3,440. இதுதான் முதல் கஷ்ட நாள். மோஞ்சோல பார்க் செக்போஸ்ட், ஜோர்சல்லே தாண்டி உயரமான ஹில்லரி பாலம், அதுக்கப்புறம் 600 மீட்டர் உயரம் விடாத ஏத்தம். பாதி ஏத்தத்துல மரத்துக்கு நடுவுல எவரெஸ்ட் முதல் தடவையா தெரியும், மேகம் இல்லன்னா. கணக்குப் போட்டுப் பார்த்தீங்கன்னா பக்டிங்ல இருந்து நம்சேக்கு ஒரே நாள்ல 830 மீட்டர், நான் சொன்ன 500ஐத் தாண்டுது. ஒரு நாள் கூட இருக்கறவங்க மோஞ்சோல தங்கி மறுநாள் ஏறுங்க, ரெண்டாவது தடவை நான் அப்படித்தான் பண்ணேன், நம்சேல சாயங்காலம் தலைவலியே இல்ல. கைட் அண்ணன் இந்த ஏத்தத்துல இருந்து ஒரு வார்த்தை சொல்லிட்டே வந்தார், ‘பிஸ்தாரை பிஸ்தாரை’, மெதுவா மெதுவான்னு அர்த்தம். எவ்வளவு மெதுவான்னா, பக்கத்துல நடக்கறவங்க கூட முழு வாக்கியமா பேச முடியணும். பேச்சு அறுந்தா வேகம் ஜாஸ்தி.

மூணாவது நாள் நம்சேல ரெஸ்ட். ரெஸ்ட்னா போர்வைக்குள்ள படுக்கறது இல்ல. காலைல சியாங்போச்சே வழியா 3,880ல இருக்கற எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரைக்கும் ஏறி, ஒரு டீ குடிச்சுட்டு, முடிஞ்சா கும்ஜுங் ஊருக்குள்ள போய் 1961ல எட்மண்ட் ஹில்லரி கட்டிக் குடுத்த பள்ளிக்கூடத்தைப் பார்த்துட்டு இறங்கி வந்து நம்சேல தூங்கணும். உயரத்தைக் காட்டிட்டு இறக்கித் தூங்க வெச்சாதான் உடம்பு பழகும். சனிக்கிழமையா இருந்தா சந்தை கூடும், அவசியம் பாருங்க. விட்டுப்போன சாமான் எல்லாம் இங்கயே வாங்கிக்கோங்க.

நாலாவது நாள் தெங்போச்சே, 3,860. கணக்குல 420 மீட்டர்தான், ஆனா நடுவுல புங்கி தெங்கா ஆத்துக்கு 3,250 வரைக்கும் இறங்கி மறுபடி 600 மீட்டர் ஏறணும். மதிய வெயில்ல அந்த ஏத்தம் வேண்டாம், காலைல சீக்கிரம் கிளம்புங்க. மேல மடாலம் இருக்கு, 1916ல கட்டினது, 1934 நிலநடுக்கத்துல இடிஞ்சு, 1989ல தீப்பிடிச்சு, திரும்பக் கட்டியிருக்காங்க. சாயங்கால பூஜைக்குப் போய் ஓரமா உக்காருங்க, அந்தக் கொம்பு ஊதுற சத்தம் நெஞ்சுக்குள்ள அதிரும். வாசல்ல நின்னா அமா தப்லம் முழுசா தெரியும், 6,812 மீட்டர். எனக்கு இந்த வழி பூரா அதை விட அழகான மலை எதுவும் தெரியல, எவரெஸ்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அஞ்சாவது நாள் பாங்போச்சே வழியா டிங்போச்சே, 4,410. இங்க 550ம் அடுத்து லொபுச்சேக்கு 530ம் ஏறுறோம், 500ஐக் கொஞ்சம் தாண்டுது, அதனாலதான் நடுவுல ரெஸ்ட். மரம் எல்லாம் இங்க முடிஞ்சுடும். ஆறாவது நாள் அங்கயே தங்கணும், இதைத்தான் நான் முதல் தடவை விட்டேன். பின்னாடி இருக்கற நாங்கர்சாங் மலைல 5,000 மீட்டருக்கு மேல கூட ஏறலாம், முடிஞ்ச வரைக்கும் ஏறிட்டு இறங்குங்க. பக்கத்துப் பள்ளத்தாக்குல பெரிச்சேல ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனோட மருத்துவ நிலையம் இருக்கு, 1973ல இருந்து நடக்குது, சீசன்ல டாக்டருங்க இருப்பாங்க, மதியத்துக்கு மேல உயர நோய் பத்திப் பேசுவாங்க. சந்தேகம் இருக்கறவங்க அங்க போய்க் கேட்டுடுங்க.

ஏழாவது நாள் லொபுச்சே, 4,940. துக்லா வரைக்கும் சமவெளி, அப்புறம் செங்குத்தா ஒரு ஏத்தம், அது முடியற இடத்துல எவரெஸ்ட்ல இறந்தவங்களுக்கு எழுப்பின கல் நினைவிடங்கள், கொடி படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். பாபு சிரி ஷெர்பா நினைவிடம் அங்க இருக்கு, 1999ல ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம எவரெஸ்ட் உச்சில 21 மணி நேரம் இருந்தவர், 2001ல அதே மலைல இறந்தார். அவங்களை விட உயரம் தெரிஞ்சவங்க யாரு? அந்த இடத்துல நின்னா திரும்பிப் போறதுல ஒரு வெக்கமும் இல்லன்னு தானா புரியும்.

எட்டாவது நாள் கோரக் ஷெப், 5,164. பையை வெச்சுட்டு, சூப் குடிச்சுட்டு, சாயங்காலத்துக்குள்ள பேஸ் கேம்ப் 5,364க்குப் போய்ட்டு வந்துடணும், கல்லும் ஐஸுமா போக வர 5 மணி நேரம் ஆகும். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், பேஸ் கேம்ப்ல இருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது, முன்னாடி இருக்கற மலை மறைச்சுக்கும். பனிப்பாறை அருவி மாதிரி இறங்குற கும்பு ஐஸ்ஃபால் மட்டும் நீலமா உடைஞ்சு உடைஞ்சு கண்ணு முன்னாடி நிக்கும்.

எவரெஸ்டைப் பார்க்கணும்னா ஒன்பதாவது நாள் காலா பத்தர், 5,545. எல்லாரும் விடியக்காலை 4 மணிக்குக் கிளம்புவாங்க, ஆனா சூரியன் எவரெஸ்டுக்குப் பின்னாடி இருந்துதான் வரும், மலை நமக்கு நிழலாத்தான் தெரியும், குளிர் மைனஸ் 15 பக்கத்துல இருக்கும். வானம் தெளிவா இருந்தா சாயங்காலம் ஏறுறது நல்லது, மேற்கு வெயில் பட்டு உச்சி தங்கமா மாறும், ஆனா மதியத்துக்கு மேல மேகம் மூடற வாய்ப்பு இருக்கறதால கைட் சொல்றதைக் கேளுங்க. சாயங்காலம் ஏறினா ஹெட்லைட் இல்லாம போகாதீங்க, இருட்டுலதான் இறங்குவீங்க. பத்து அடி நடந்து ரெண்டு நிமிஷம் நின்னு, மறுபடி பத்து அடி, அப்படித்தான் எல்லாரும் ஏறுவாங்க.

சாப்பாடு, தண்ணி

தால் பாத் சாப்பிடுங்க, நம்ம சோறும் பருப்பும்தான், கேட்டா மறுபடி மறுபடி போடுவாங்க. நம்சேக்கு மேல கறி வேண்டாம். கும்புப் பக்கம் ஆடு மாடு அறுக்கற வழக்கம் கிடையாது, கறி கீழ இருந்து நாள் கணக்கா சுமந்து வர்றது. முட்டை சாப்பிடலாம். பூண்டு சூப் உயர நோயைத் தடுக்கும்னு அங்க சொல்லுவாங்க, தடுக்குதோ இல்லையோ சூடா உள்ள போற தண்ணி நல்லதுதான். 4,000க்கு மேல பசி செத்துப்போகும், அப்ப ஊர்ல இருந்து கொண்டு போன பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் ரெண்டும் உயிர் மாதிரி, சூடான சோத்துல பிசைஞ்சா நாலு வாய் இறங்கும். பையில கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் இருக்கட்டும். தண்ணி ஒரு நாளைக்கு 3 லிட்டருக்குக் குறையாம, பாட்டில் தண்ணி வாங்காம குழாய்த் தண்ணில குளோரின் போட்டு அரை மணி நேரம் கழிச்சுக் குடிங்க. படுக்கும்போது சுடுதண்ணியை நல்ல பாட்டில்ல ஊத்தி ஸ்லீப்பிங் பேக்குள்ள காலடில வெச்சா ராத்திரி பூரா கதகதப்பு, காலைல அதையே குடிச்சுக்கலாம்.

இறங்குறது

காலா பத்தர் முடிச்ச நாளே, சாயங்காலம் ஏறினவங்க மறுநாள் காலைல, பெரிச்சே 4,371 வரைக்கும் இறங்கிடுங்க. அடுத்த நாள் நம்சே, அதுக்கடுத்த நாள் லுக்லா. மூச்சு நல்லா வர்றதால ஓடணும் போல இருக்கும், ஓடாதீங்க, களைச்ச கால் கல்லுல சறுக்கிக் கணுக்கால் பிசகறது பெரும்பாலும் இங்கதான். போலைக் கொஞ்சம் நீளமாக்கி முன்னாடி ஊனி ஊனி இறங்குங்க.

லுக்லா வந்த ராத்திரியே போர்ட்டருக்கும் கைடுக்கும் குடுக்கறதைக் கவர்ல போட்டு அவங்கவங்க கையிலயே குடுங்க, இன்னொருத்தர் மூலமா வேண்டாம். உங்களுக்கு இனிமே வேண்டாத க்ளவுஸ், குல்லா, ஜாக்கெட் இருந்தா போர்ட்டருக்கு வேணுமான்னு மரியாதையா கேளுங்க, அவர் அடுத்த வாரமே இன்னொருத்தர் பையோட மேல ஏறப்போறவர். மறுநாள் ஃப்ளைட் காலை முதல் ட்ரிப்ல கேளுங்க, 10, 11 மணிக்கு மேல காத்தும் மேகமும் வந்துட்டா அன்னிக்கு அவ்வளவுதான். காத்மாண்டுல இருந்து ஊருக்குத் திரும்புற டிக்கெட்டை அதுக்கு ரெண்டு நாள் தள்ளியே போட்டு வெச்சிருங்க.